நெற்றியில் பொறித்த கல்வெட்டு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றைச் சூழ்ந்து நிற்கும் சிறு சன்னதிகளின் அடித்தளத்தில், பல்லவ மன்னன் இராசசிம்மனின் விருதுப் பெயர்கள் 250க்கும் மேல் வெட்டப்பட்டுள்ளன. கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்பதோடு காலக்கணக்கை நிறுத்திக்கொள்ளலாம். இங்கு நின்று பார்க்க வேண்டியவை அந்த எழுத்துகளே. ஸ்ரீபரன், ரணஜயன், வாத்தியவித்யாதரன் (இசைக்கருவிகளில் வல்லவன்) என ஒரே பெயர் அடுக்கடுக்காக வேறு வேறு எழுத்து வடிவங்களில் வருகிறது. ஓர் அடுக்கில் எளிய கிரந்தமாக நிற்பது இன்னோர் அடுக்கில் கொடிபோல் சுருண்டு வளைகிறது. இந்த எழுத்துகளிலோ அரசனின் பெருமை மட்டுமே உண்டு. உளி பிடித்தவன் பெயருக்கு அந்த வரிசையில் இடமில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் இதே நாட்டில் வேறொரு பொறிப்பு நடந்தது. காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டுச் சீமை 1763இல் ஆங்கிலக் கும்பினியின் ஜாகீராயிற்று, அதாவது வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு ஆற்காட்டு நவாப் வழங்கிய நிலமாயிற்று. அடுத்த நூற்றாண்டில் சென்னை, வங்க மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில், அவர் செய்த குற்றம் அவரவர் வட்டார மொழியில் பச்சை குத்தப்பட்டது. 1849இல்தான் இவ்வழக்கம் ஒழிந்தது. பிரமன் எழுதுவதாகத் தமிழர் நம்பிய தலையெழுத்தை நீதிமன்றம் ஊசியால் எழுதிற்று. அதனை மறைக்கத் தலைப்பாகையை நெற்றிவரை இறக்கிக் கட்டியவர்கள் உண்டு.

நாடு கடத்தல் என்ற தண்டனை இவர்களைப் பினாங்குக்கும் சுமத்ராவின் பென்கூலனுக்கும் கொண்டு சென்றது. பென்கூலன் டச்சுக்காரர் கைக்கு மாறியபோது, 1825 ஏப்ரலில் சென்னை மாகாணக் கைதிகள் 80 பேர் சிங்கப்பூரில் இறக்கப்பட்டனர். சாலை போடவும் சதுப்பைத் தூர்க்கவும் தொடங்கிய கைதிகள் பின்னர் கொத்தரும் தச்சரும் ஆயினர். நன்னடத்தையால் படிப்படியாக வகுப்பு உயர்ந்து, விலங்கு நீங்கி, வெளியே தங்கி உழைக்கும் சீட்டும் பெற்றனர்.

அவர்கள் கைவண்ணத்தில் தலைசிறந்தது, 1856இல் அடிக்கல் நாட்டி 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அதன் சுவருக்கு மெருகேற்றிய பூச்சு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ எனப்பட்டது. மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுப் பதமாக்கி, பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் கை ஓயாமல் தேய்த்துப் பளபளப்பாக்கினர் என்று, கைதிகளின் மேலாளராக இருந்த மக்நாயர் 1899இல் வெளியிட்ட நூலில் விவரிக்கிறார். வரைபடம் தந்த மக்பெர்சனை நூல்கள் மறவாமல் குறிக்கின்றன. கல்லால் தேய்த்தவர்கள் ‘இந்தியக் கைதிகள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

இப்படிப் பெயரற்றுப் போகாத கைதிகளும் உண்டு. பிரிட்டன் 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கைதிகள் ஏறத்தாழ 1,62,000 பேர். கப்பலின் பெயர், குற்றம், தண்டனைக் காலம், விடுதலை என ஒருவரின் வாழ்வை அவருடைய கொள்ளுப்பேரர் இன்று ஏடுகளில் தேடிப் பிடிக்கிறார். அக்கைதிகள் வாழ்ந்த 11 இடங்கள் 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. சிங்கப்பூரில் பிராஸ் பாசா சாலையருகே இருந்த கைதிச் சிறையோ இன்று இல்லை.

தமிழ்க் கைதியின் தடம் அடியோடு அழிந்துவிடவில்லை. சென்னை மாகாணத்தின் நீதித்துறை ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கல்வெட்டுகளைப் படியெடுத்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்ட அதே அக்கறையோடு, நாடு கடத்தப்பட்டோரின் பெயர், ஊர், தண்டனை ஆகியவற்றை மாவட்டவாரியாகத் திரட்டித் தமிழில் அச்சிட வேண்டும். முதல் தொகுதி செங்கல்பட்டுச் சீமைக்கு உரியதாக அமையட்டும்.