வண்டி இருந்தது

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் எங்கள் வீட்டில் முதலில் எழுந்து இருமியது அம்மாதான். கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்த சேதி. அப்போது தெரிந்தது கண் எரிச்சலும், நெஞ்சடைப்பும், தெருவில் ஓடும் காலடிச் சத்தமும்தான். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் ஆற்றில் படிந்து வலைகளைக் கறுப்பாக்கியிருந்தது.

வாசலில் அப்பாவின் பழைய ஆம்னி வேன் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. ஓட்டத்தான் ஆளில்லை. அப்பா இறந்து இரண்டு வருடம், தம்பி கடலில். யாருடைய ஆட்டோவிலோ நானும் அம்மாவும் என் மகனும் இன்னும் நான்கு பேரும் நசுங்கிக்கொண்டு போனோம். விடியும்வரை ஒரு கூடத்தில் இருந்தோம். முட்டி தேய்ந்த அம்மாவால் குத்தவைக்க முடியாது. அங்கே வேறு வழியும் இல்லை. ஐந்து மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமலைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வண்டியை மாற்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதல் மாற்றம் ஓட்டுநர் இருக்கையில். நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்தேன்.

பன்னிரண்டு வருடம் ஒயர் ஹார்னஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள் நான். கார்களுக்குள் ஓடும் ஒயர்களை நிறம் பார்த்துப் பிரித்து, முனையில் டெர்மினல் கிரிம்ப் செய்து, டேப் சுற்றிக் கட்டுவது வேலை. எங்கள் லைனில் எல்லோரும் பெண்கள். பொறுமையான விரல்கள் என்று மெச்சுவார்கள். அந்த விரல்களை மெக்கானிக் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. திருவொற்றியூரில் ஒரு பட்டறைக்குப் போனபோதும், "இன்னா தம்பி பண்ணணும்?" என்று என் பதினைந்து வயது மகனிடம்தான் கேட்டார்கள்.

மேட்டைத் தூக்கினால் தரைத் தகட்டில் ஓட்டை. கீழே ரோடு தெரிந்தது. உப்புக் காற்றின் வேலை. அதை மட்டும் பட்டறையில் வெட்டி வெல்டு வைத்தார்கள். மற்றதை நானே செய்தேன். கூரையை உயர்த்த ஆசைதான். ஆனால் பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதனால் எதையும் வெட்டவில்லை. பின் இருக்கையின் மேல் கழற்றி எடுக்கக்கூடிய பிளைவுட் கட்டில். விளக்குக்கும் ஃபேனுக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி. எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் ரிலே. இல்லையென்றால் ராத்திரி ஃபேன் ஓடி, காலையில் வண்டி கிளம்பாது. பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ். அந்த ஒயரிங்கைப் பார்த்த பட்டறைக்காரர், "அக்கா, இந்த ரிலேவ எப்டிக் கட்டுன?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன்.

2019இல் அருண் பிரபு என்ற இளைஞர் ஓர் ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் சமையலறை, கழிவறை, படுக்கை எல்லாம் வைத்து வீடு கட்டினார். அதற்குப் பெயர் 'சோலோ'. படங்களைப் பார்த்து வியந்தேன். ஆனால் எங்கள் தெருவில் எந்தப் பெண் தனியாகக் கிளம்புவாள்? இடுப்பில் குழந்தை, கையில் கிழவி, மடியில் ரேஷன் கார்டு. நான் கணக்குப் போட வேண்டியது அவர்கள் எல்லோருக்கும்.

கட்டிலைக் காட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூடி போட்ட வாளி பொருத்திய நாற்காலியையும் அதைச் சுற்றி நான் தைத்த திரையையும் காட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்து திரையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இன்னும் ஒரு ஜாண் இறக்குடி. காலு தெரியுது" என்றாள்.

இந்த வண்டி விஷக்காற்றைத் தடுக்காது. தடுக்க வேண்டியவர்கள் வேறு. அதுவரை டேங்க்கில் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திருக்கிறேன். அம்மோனியா தண்ணீரில் கரையும் என்பதால், முகத்தைப் பொத்த துண்டுகளும் தண்ணீர்க் கேனும் எப்போதும் உள்ளே இருக்கும்.

நிறுத்தியே வைத்தால் பேட்டரி செத்துவிடும். சனிக்கிழமைதோறும் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்வது இப்போது அம்மாவின் வேலை.