"மாமா கட்டுன காரைப் பிரிக்கணும்மா!"

எங்கள் வீட்டு ஹாலில், டி.வி-க்கு மேலே இருக்கும் ஸ்லாபில் ஏழு வருடங்களாக ஓர் ஆரஞ்சு நிறக் கார் நின்றது. லெகோ டெக்னிக் வரிசையில் 2016-ல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ். மொத்தம் 2,704 துண்டுகள். பெட்டியில் '16+' என்று போட்டிருக்கும். என் தம்பி அதை வாங்கி வந்தபோது என் மகனுக்கு வயது 7.

"மருமகனுக்காக வாங்கினேன்" என்றான். உண்மையில் யாருக்காக வாங்கினான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அது 2018 மே லீவு. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கியர் பாக்ஸ் பிரிவில் வேலை பார்த்தவன், நான்கு நாள் லீவு போட்டுவிட்டு ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டான். வீட்டில் இருந்த டிபன் பாக்ஸ், இட்லித் தட்டு எல்லாம் பாய்க்குப் போய்விட்டன. இட்லித் தட்டில் குழிக்கு ஒரு வகை பின். அந்த நான்கு நாளும் எங்களுக்கு தோசைதான். வழிகாட்டிப் புத்தகம் தலையணை கனத்தில் இருந்தது. அதன் ஓரங்களில் பென்சிலால் ஏதாவது கிறுக்கிக்கொண்டே இருப்பான். என்ன எழுதுகிறான் என்று நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

கட்டி முடித்த காரில் ஸ்டீயரிங் திரும்பியது. கியர் மாறியது. தரையில் தள்ளினால் பின்னால் ஆறு பிஸ்டன்கள் போய்ப் போய் வந்தன. கூடவே 'டிக்... டிக்' என்று ஒரு சத்தம். "எங்கயோ ஒரு பல்லு வழுக்குதுடா. அடுத்த லீவுல பிரிச்சுப் பார்ப்போம்" என்றான் தம்பி. அடுத்த லீவில் அவனுக்கு வேலை. அதற்கு அடுத்த லீவில் லாக்டௌன். 2021 மே மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அதன்பிறகு அந்தக் காரை யாரும் தரையில் வைத்துத் தள்ளவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டுவார், அவ்வளவுதான்.

இந்த வருடம் முழுப் பரீட்சை முடிந்த மறுநாள், மகன் என் எதிரில் வந்து நின்றான். 'ஸ்டுடியோ' என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறதாம். அதில் ஆறு மாதமாக ஒரு சூப்பர் காரை டிசைன் செய்திருக்கிறான். சொந்த டிசைன். இன்ஜின் நடுவில், மூன்று கியர், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். இனி நிஜத் துண்டுகளில் கட்டிப் பார்க்க வேண்டுமாம். டிஃபரன்ஷியல், ஸ்பிரிங், கியர்கள் என்று ஒவ்வொன்றாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் என்ன ஆகும் என்று அவனே கணக்குப் போட்டும் வைத்திருந்தான். அந்தத் தொகையைப் பார்த்ததும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"அதான்மா... மாமா கட்டுன காரைப் பிரிக்கணும்."

"முடியாது" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"புத்தகம் இருக்கும்மா. எப்ப வேணும்னாலும் திரும்ப அதே மாதிரி கட்டிடலாம்."

அவன் சொன்னது சரிதான். அந்தப் பொம்மையே அதற்காகத்தான் செய்யப்பட்டது. ஆனால், திரும்பக் கட்டினால் அது இவன் அழுத்திய பின்னாக இருக்கும். என் தம்பி அழுத்திய பின்னாக இருக்காது. இதை 14 வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எரிந்து விழுந்தேன். அவன் ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடம்பிடித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தூசு தட்டும்போது அம்மாதான் ஆரம்பித்தார். எங்கள் சண்டையைச் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறார். "பிரிச்சா, அந்த டிக் டிக் எதனாலனு தெரிஞ்சிடுமா?" என்று பேரனிடம் கேட்டார்.

"தெரியும் பாட்டி."

"அப்பப் பிரி. அவன் போன்ல பேசறப்பெல்லாம் அதைத்தான் சொல்லிட்டு இருந்தான்."

பெற்றவரே சொன்ன பிறகு எனக்கு அங்கே பேச்சில்லை. அன்று மதியம் அதே பாயை விரித்தோம். கதவு, கூரை, பானட் என்று ஆரஞ்சுத் தகடுகள் முதலில் வந்தன. பிறகு சீட்டுகள். கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே போனான். அம்மா முறத்தை எடுத்து வந்து, அரிசியில் கல் பொறுக்குவது போல பின்களைப் பிரித்தார். கறுப்பும் நீலமும் ஓட்டையில் இறுக்கிப் பிடிக்கும். சாம்பல் நிறமும் சந்தன நிறமும் வழுக்கிக்கொண்டு சுற்றும். ஸ்டீயரிங்கில் இறுக்கிப் பிடிக்கும் பின்னைப் போட்டால் சக்கரம் திரும்பாது. அரை மணி நேரத்தில் அம்மாவுக்கு இது அத்துப்படி.

கியர் பாக்ஸைப் பிரிக்கும்போது மகன் கையை நிறுத்தினான். "இங்க பாரும்மா." ஒரு ஷாஃப்ட் முழுதாக உள்ளே போகவில்லை. நெல்மணி அளவுக்கு வெளியே நின்றது. அதனால் அதிலிருந்த கியர், எதிர்க் கியரைப் பாதிப் பல்லில்தான் கடித்திருக்கிறது. வேகமாகத் தள்ளினால் பல் தாண்டிக் குதிக்கும். அதுதான் டிக். விரலால் ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் சரியாகியிருக்கும். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முறத்தில் வைத்தார்.

பிரித்தது ஒரு நாளில் முடிந்தது. கட்டுவதுதான் முடியவில்லை.

இந்தப் பொம்மைக் கார்களில் நிஜக் காருக்குத் தலைகீழாக ஒரு விஷயம் நடக்கிறது. நிஜத்தில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றும். இதில் மோட்டார் கிடையாது. நாம் தள்ளும்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. ஆனாலும், முதல் கியரில் தள்ளினால் பிஸ்டன் படபடவென அடிக்கும், மேல் கியரில் நிதானமாக ஏறி இறங்கும். நிஜக் காரும் அப்படித்தானே? 1994-ல் லெகோ கொண்டுவந்த 8880 என்ற காரில் வி8 இன்ஜின், நான்கு கியர், நான்கு சக்கரமும் திரும்பும் ஸ்டீயரிங் எல்லாமே இருந்தன. இன்றைக்கும் சொந்தமாக சூப்பர் கார் டிசைன் செய்கிறவர்கள் அதைப் பற்றி மரியாதையோடு பேசுகிறார்கள் என்று மகன்தான் சொன்னான்.

"மூணு கியரை எப்படிடா கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். அவன் வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினான். ஓரத்தில் தம்பியின் கையெழுத்து. '16+16, 24+8, 20+12. எல்லாம் 32.'

இந்தத் துண்டுகளில் ஓட்டைக்கு ஓட்டை 8 மில்லிமீட்டர். இரண்டு கியர்களின் பற்களைக் கூட்டினால் 32 வந்தால், அவை சரியாக இரண்டு ஓட்டை இடைவெளியில் பொருந்திக்கொள்ளும். ஆக, இரண்டு ஷாஃப்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். மூன்று ஜோடிகளும் அதிலேயே உட்காரும். 16-க்கு 16 என்றால் சமவேகம். 24-க்கு 8 என்றால், பெரியது ஒரு சுற்று சுற்றுவதற்குள் சின்னது மூன்று சுற்று. 20-க்கு 12 இரண்டுக்கும் நடுவில். அந்தப் பென்சில் எழுத்தை அவன் ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறான். புரிந்தது போன வருடம்தானாம். நான் அந்தப் புத்தகத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

கியர் பாக்ஸ் முதல் தடவையே வேலை செய்தது. மற்றதெல்லாம் உதைத்தது. கம்ப்யூட்டர் திரையில் எந்தத் துண்டும் வளைவதில்லை, கனமும் கிடையாது. தரையில் வைத்ததும் கார் நடுவில் தொய்ந்து, ஷாஃப்ட் வளைந்து, சக்கரம் சுற்ற மறுத்தது. மூன்று முறை அடிச்சட்டத்தை மாற்றினான். மூன்றாவது முறை பாயில் வீசிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கு அவ்வளவு கோபம். 'இதற்காகவா அதைப் பிரித்தோம்?' என்று வாய்வரை வந்தது. எப்படியோ கேட்காமல் விட்டேன்.

மறுநாள் வேறு யோசனையோடு எழுந்தான். குறுக்கே முக்கோணமாக ஒரு சட்டம் கொடுத்தால் அசையாது. 6, 8, 10 அளவில் செங்கோண முக்கோணம். பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். ஆனால் பெட்டியில் 6 ஓட்டை, 8 ஓட்டை, 10 ஓட்டைச் சட்டங்களே இல்லை. நீளச் சட்டங்கள் எல்லாம் ஒற்றைப்படை. ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தவனிடம், முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா, "கோலத்துல 7 புள்ளி வச்சா நடுவுல 6 சந்துதான்டா வரும்" என்றார். அவருக்கு பிதாகரஸ் தெரியாது. பேரன் ஓட்டைகளை எண்ணுவதைப் பார்த்துச் சொன்னார். 7, 9, 11 ஓட்டைச் சட்டங்களை எடுத்து மூன்று மூலையிலும் பின்னைக் குத்தினான். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே சட்டங்களை அடுக்கி உயர்த்தியதும் தொய்வும் நின்றது.

கார் இன்னும் முடியவில்லை. ஆரஞ்சுத் தகடுகள் அவன் வரைந்த உருவத்துக்குப் போதவில்லை. பானட் கறுப்பில் இருக்கிறது, கூரை இல்லை. வலது கதவைத் திறந்தால் சீட்டில் இடிக்கிறது. இடது கதவு மாட்டவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை அம்மா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்லாப் காலி. தரையில் நின்ற காரின் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, அதைப் பாயில் முன்னும் பின்னும் தள்ளினார். காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சத்தமே வரலையேடா."

"வரக் கூடாது பாட்டி."

அம்மா இன்னொரு தடவை தள்ளினார். "மூணாவது கியர்ல போடு, பார்ப்போம்" என்றார்.