எலுமிச்சம்பழமும் என் கணவரும்



கணவரை இழந்த வீட்டிற்குத் துக்கம் விசாரிக்க வருவோர் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் பேசுவார்கள். "நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி, யாருக்கும் தீங்கு நினைக்காதவர்" என்பார்கள். என் கணவரைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அவை யாவும் உண்மையே. ஆயினும், நான் இத்தாவில் இருந்த நான்கு மாதம் பத்து நாட்களும் என் மனக்கண்ணில் வந்து நின்றவர் அந்த நல்ல மனிதர் அல்லர். என்னைச் சிரிக்கவும் சினக்கவும் வைத்த இன்னொருவர். அவரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு மலைச்சரக்கு வியாபாரம். கல்வராயன் மலையிலிருந்து புளி, கடுக்காய், தேன், சாமை முதலியவற்றை வாங்கி வந்து கடைக்காரர்களுக்குக் கொடுப்பார். பழையதை எளிதில் விடாத மனிதர். நாங்கள் மணம் முடித்தபொழுது எங்கள் ஊர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்திற்குப் போயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆயிற்று. என் கணவரோ கடைசிவரை கடிதங்களில் 'தென்னார்க்காடு மாவட்டம்' என்றே எழுதி வந்தார். கேட்டால், "நான் வீடு மாறவில்லையே, விலாசம் மட்டும் ஏன் மாற வேண்டும்?" என்பார். பின்கோடு எண்ணின் புண்ணியத்தில் பதில்களும் தவறாமல் வந்து சேர்ந்தன!

சாப்பாட்டில் குறை சொல்லத் தெரியாதவர். உண்டு முடித்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார், அவ்வளவுதான். இதனால் எனக்கு ஒரு சங்கடம். ஆணத்தில் உப்புக் கூடியதா, குறைந்ததா என்று நான் சாப்பிட உட்காரும் வரை தெரியாது. பல ஆண்டுகள் கழித்தே ஓர் இரகசியத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு முறை சொன்னால் சமையல் சரி. இரண்டு முறை சொன்னால் உப்பு இல்லை. ஒரு நாள் மூன்று முறை சொன்னார். ஓடிப்போய்ச் சட்டியைப் பார்த்தால், புளி கரைத்து ஊற்றவே மறந்திருக்கிறேன். புளி வியாபாரி வீட்டில்!

இனி மலைக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு மேற்கே தெரியும் அந்தக் கல்வராயன் மலையை நான் நெடுங்காலம் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். "அடுத்த பலாப்பழக் காலத்தில் உன்னை வெள்ளிமலைக்கு அழைத்துப் போகிறேன்" என்று மணமான புதிதில் வாக்களித்தார். ஒவ்வோர் ஆண்டும் பலா பழுத்தது, வாக்குத்தான் பழுக்கவில்லை. மலைக்குப் புறப்படும்பொழுதெல்லாம் ஓர் எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எதற்கு என்றால், "மலையில் தாகம் எடுத்தால் சர்பத் போட்டுக் குடிக்க" என்பார். மாலையில் அந்தப் பழம் பிழியப்படாமல், நகக்கீறல்களுடன் வாடி வதங்கித் திரும்பி வரும். நானும் அதைப் பெரிதாக எண்ணியதில்லை.

கடைசி முறை அவர் அதே வாக்கைச் சொன்னபொழுது என் நாக்கு பொறுமை இழந்துவிட்டது. "முப்பது வருடமாக இதையேதான் சொல்கிறீர்கள். நான் மவ்த்தான பிறகு என் சந்தூக்கைத்தான் மலைக்குத் தூக்கிப் போவீர்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அடுத்த தை மாதத்தில், ஒரு சுபுஹு வேளையில், மாரடைப்பில் அவர்தாம் முந்திக்கொண்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இத்தாவின் நாட்களில் என்னை உறங்கவிடாமல் செய்தது அந்த ஒரு சொல்தான்.

ஜனாஸாவின் முன் நின்று, "அத்தா யாருக்கேனும் கடன் தரவேண்டியிருந்தால் என்னிடம் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று என் மகன் அறிவித்தான். ஊரில் இருந்தவர்கள் வந்தார்கள். மலையில் இருந்தவர்கள் எப்படி வருவார்கள்? கணக்கு நோட்டைப் புரட்டினோம். பெயர் எழுதும் வழக்கமே அவரிடம் இல்லை. 'பலாமரத்து ஆயா – 340. தேன்காரர் மருமகன் – 600. ஆடு தொலைத்தவர் – 275.' இந்த விலாசங்களைத் தென்னார்க்காடு தபால்காரராலும் கண்டுபிடிக்க முடியாது!

இத்தா முடிந்தபின் மகனுடன் நானே புறப்பட்டேன். கை பழகிய பழக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் பையில் போட்டுக்கொண்டேன். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கிற்று. சில வளைவுகள்தாம் சென்றிருப்போம். தலை சுற்றியது, வயிறு குமட்டியது. என்னை அறியாமல் எலுமிச்சையை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தேன். அப்பொழுதுதான் எனக்குச் சர்பத்தின் கதை விளங்கிற்று.

வெள்ளிமலைத் தேநீர்க் கடையில் என் மகன் அத்தாவின் அடையாளங்களைச் சொல்லி விசாரித்தான். கடைக்காரர், "யாரு, எலுமிச்சங்கா பாயா?" என்றார். மலை முழுவதற்கும் பட்டப்பெயர் வைத்த மனிதருக்கு மலையும் ஒன்று வைத்திருக்கிறது! மகன் சிரித்தான். கணவர் போனபின் முதன்முறையாக நானும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு முடியுமுன் அழுதேன்.

பலாமரத்து ஆயாவைக் கண்டுபிடித்துவிட்டோம். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த முதியவர். பணத்தை வாங்கி முடிந்துகொண்டு என் கையைப் பிடித்தார். "பஸ்ஸை விட்டு இறங்கினா பாய்க்கு நிக்க முடியாது பாயம்மா. என் திண்ணையில கொஞ்ச நேரம் படுத்து எழுந்துதான் தராசைத் தொடுவார். ஒரு நாளைக்கு ஊட்டம்மாவைக் கூட்டியாங்கன்னு சொல்வேன். 'இந்தக் கோலத்தை அவ பாத்தா, அப்புறம் என்னை மலைக்கே அனுப்ப மாட்டா ஆயா. பிள்ளைங்க படிக்கணுமே'ன்னு சொல்லிச் சிரிப்பார்" என்றார்.

சகோதரிகளே, முப்பது ஆண்டுகள் நான் வாக்குத் தவறுதல் என்று எண்ணியது, எங்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாக இருந்திருக்கிறது. அவர் சொல்லியிருக்கலாம், நானும் அந்த வாடிய பழத்தை ஒரு நாளேனும் ஊன்றிப் பார்த்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. அவரிடம் இனி மன்னிப்புக் கேட்க வழியில்லை. அவருக்காகத் துஆக் கேட்க மட்டுமே வழியிருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்த பின்னரும் ஆடு அறுத்தால் அன்னையின் தோழியருக்கு இறைச்சி அனுப்பி வந்தார்கள் என்று படித்திருக்கிறோம். என்னால் இயன்றது, மலைக்குப் போவோரிடம் ஆயாவுக்கு நாலு எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்புவதுதான். பலாக் காலத்தில் அங்கிருந்து ஒரு பழம் வந்துவிடும்.

உங்கள் வீட்டுக்காரர் ஏதேனும் ஒன்றைச் சொல்லாமல் மழுப்பினால் உடனே சண்டைக்குப் போய்விடாதீர்கள். முதலில் சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கணவரின் மஃபிரத்துக்காக நீங்களும் துஆச் செய்யுங்கள்.