முப்பத்தெட்டாவது படம்

மலர்க் குழுத் தம்பிகள் இரண்டு பேர் பஸ் ஏறிக் கொடைக்கானலுக்கே வந்துவிட்டார்கள். "அண்ணே, மெக்கானிக்கல் படிச்சிட்டு போட்டோ தொழிலுக்கு எப்படி வந்தீங்க? பார்ட்டி எப்படிப் பிடிச்சீங்க? நம்ம காலேஜ்ல கேமரா வச்சிருக்கிற பசங்க நெறைய இருக்காங்க, எழுதிக் கொடுங்க" என்றார்கள். முன்னாள் மாணவர் கட்டுரை என்றால் துபாயிலோ பெங்களூரிலோ இருப்பவரைக் கேட்பதுதான் வழக்கம். கோக்கர்ஸ் வாக்கில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றவனைக் கேட்டதற்கு முதலில் நன்றி.

1994 ஏப்ரலில் இரண்டு அரியரோடு வெளியே வந்தேன். ஊர் பண்ணைக்காடு. அப்பாவுக்கு மலைவாழையும் கொஞ்சம் காப்பியும். அப்ரண்டிஸ் கார்டு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று கொடைக்கானலில் ஒரு போட்டோகிராபர் அண்ணனிடம் பை தூக்கப் போனேன். அந்த வருடம் குறிஞ்சி பூத்த வருடம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பூக்கிற பூவாச்சே! மே மாதத்தோடு இறங்கிப் போகிற கூட்டம் ஆகஸ்டில் மறுபடி மலையேறி வந்தது. அண்ணனால் சமாளிக்க முடியவில்லை. "நீயும் ஒரு பொட்டி வாங்கிக்கடா" என்றார். மதுரையில் கடையை மூடிய ஒரு ஸ்டூடியோக்காரரிடம் பழைய யாஷிகா எப்.எக்ஸ்-3 ஒன்று வாங்கினேன். பாதிப் பணம் அப்பா கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கேமரா வாங்கியவுடன் தொழில் வந்துவிடும் என்று நினைத்தேன். முதல் வாரம் போணியே ஆகவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. வெள்ளி நீர்வீழ்ச்சியில் நின்று பிரயோஜனம் இல்லை. மலையேறும் பஸ் கொடைக்கானலுக்கு 8 கிலோமீட்டர் முன்னால் அங்கேதான் முதலில் நிற்கும். ஆனால் பாதிப் பேர் வளைவுகளில் வாந்தி எடுத்து, தலை கலைந்து இறங்குவார்கள். அந்தக் கோலத்தில் யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? ஏரிக்கரையில் சாப்பிட்டு, ஸ்வெட்டரும் குல்லாவும் வாங்கி மாட்டிய பிறகுதான் "ஒரு போட்டோ எடுத்துக்கலாமே" என்று தோன்றும். அதனால் கோக்கர்ஸ் வாக்கும் தூண் பாறையும்தான் நம் இடம். தூண் பாறையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. 400 அடி உயரப் பாறை மூன்றையும் பனி நொடியில் மூடிவிடும். மற்ற போட்டோகிராபர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். பார்ட்டிகள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் பேச வேண்டிய நேரம். "எந்த ஊருங்க? இன்னும் கொஞ்ச நேரத்துல விலகிடும், குழந்தைய இந்தப் பக்கம் நிறுத்துங்க." பனி விலகும்போது அவர்கள் நம் பார்ட்டி.

1991-ல் 'குணா' படம் வந்த பிறகு டெவில்ஸ் கிச்சனுக்கு குணா குகை என்றே பெயராகிவிட்டது. "கமல் நின்ன இடத்துல எடுங்க" என்று அங்கேயும் கிராக்கி இருந்தது. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும் அதே கூட்டம் மறுபடி வந்தது. எந்த விளம்பரமும் சினிமாவுக்கு ஈடில்லை.

காலேஜ் டூர் பசங்களைப் பற்றி நான் சொல்லக் கூடாது, நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். 42 பேர் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டு 3 காப்பி போதும் என்பார்கள். குரூப் போட்டோவில் ஒரே நெகட்டிவ், எத்தனை பிரிண்ட் போகிறதோ அத்தனையும் லாபம். அந்தக் கணக்கைச் சரியாகக் கெடுப்பவர்கள் நம் பாலிடெக்னிக் பசங்கள்தான்.

தொழில்நுட்பம் கேட்பவர்களுக்கு ஒன்று. மூடுபனியில் லைட் மீட்டர் ஏமாந்துவிடும். எங்கும் வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் தாராளமாக இருக்கிறது என்று காட்டும். அதை நம்பி எடுத்தால் முகம் சாம்பலாக விழும். ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும். பிளாஷ் போட்டால் இன்னும் மோசம். வெளிச்சம் ஆள்மேல் படுவதற்கு முன்பே பனித்துளியில் பட்டுத் திரும்பிவிடும். நீங்கள் எடுத்தது வெள்ளைச் சுவர்தான்.

ஆனால் இந்தத் தொழிலின் உண்மையான சிக்கல் வேறு. ரோலைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பி, கீழே லேபில் பிரிண்ட் போட்டு வர மூன்று நாள். பார்ட்டியோ சாயங்காலமே இறங்கிவிடுவார். ஆகவே பணத்தை முன்னால் வாங்கி, விலாசத்தை நோட்டில் எழுதிக்கொண்டு, படத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும். முன்பின் தெரியாத ஒருவனிடம், கண்ணால் பார்க்காத படத்துக்கு 20 ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். யோசித்துப் பாருங்கள்.

1994 கிறிஸ்துமஸ் லீவு. நல்ல கூட்டம். மதியம் புது ரோல் போட்டேன். ஒரு குடும்பத்தில் எழுபது வயதுப் பாட்டி, தலையில் மகனுடைய மப்ளர். படத்துக்கு நிற்க மாட்டேன் என்று ஒதுங்கினார். "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்றார். நான்தான் விடவில்லை. "வாங்க பாட்டி, ஒண்ணே ஒண்ணு, நடுவுல நில்லுங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். மகனிடம் இரண்டு காப்பிக்கு 40 ரூபாய் வாங்கினேன். அன்று 36 முடிந்தும் லீவர் இறுகவில்லை. 37 ஓடியது. 38-ம் ஓடியது. ரோலில் இரண்டு படம் போனஸ் என்று சந்தோஷப்பட்டேன்.

சுருட்டும்போது இரண்டு சுற்றிலேயே குமிழ் லேசாகிவிட்டது. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் லேபுக்கு அனுப்பிவிட்டு மூன்று நாள் தெரியாதவன் மாதிரி இருந்தேன். திரும்பி வந்தது ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு துண்டு பிலிம். ஓரத்தில் கம்பெனி பெயரும் நம்பரும் மட்டும். பிலிமின் நுனி உள்ளே இருக்கும் ஸ்பூலில் மாட்டவே இல்லை. லீவரைத் தள்ளும்போது இடது பக்கம் இருக்கும் சுருட்டும் குமிழ் சுற்றினால்தான் பிலிம் நகர்கிறது என்று அர்த்தம். கியரும் ஷாப்டும் மூன்று வருடம் படித்தவன், சுற்றாத சக்கரத்தைக் கவனிக்கவில்லை.

11 பார்ட்டி. மொத்தம் 740 ரூபாய். அண்ணனிடம் சொன்னேன். "வெளியூர்க்காரன் திரும்பியா வரப்போறான்? தபால்ல தொலஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்குவான், விடு" என்றார். கெட்டவர் இல்லை அவர், அனுபவஸ்தர். அவர் சொன்னபடியே விட்டுவிடலாம் என்றுதான் பத்து நாள் இருந்தேன். விலாச நோட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் முதலில் வந்து நின்றது. கடைசியில் அம்மாவிடம் கடன் வாங்கி 11 மணியார்டர் அனுப்பினேன். பாரத்தில் செய்தி எழுதும் சின்ன இடத்தில், "படம் விழவில்லை. தவறு என்னுடையது. மன்னிக்கவும்" என்று எழுதினேன்.

ஒன்பது பேர் கையெழுத்துப் போட்ட ரசீது வந்தது. ஒன்று விலாசதாரர் இல்லை என்று திரும்பியது. ஒன்று வாங்க மறுத்துத் திரும்பியது. அது பாட்டியின் குடும்பம். பின்னாலேயே கடிதமும் வந்தது. அம்மா பொங்கலுக்கு மறுநாள் தவறிவிட்டார் என்றும், வீட்டில் அவருக்கு வேறு படம் கிடையாது என்றும், கொடைக்கானல் படத்தைத்தான் தினமும் எதிர்பார்த்திருந்ததாகவும் மகன் எழுதியிருந்தார். "உங்கள் மேல் வருத்தமில்லை. இந்தப் பணத்தை வாங்கத்தான் கை வரவில்லை." அவ்வளவுதான். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் எழுதாமலே விட்டேன். அந்த 40 ரூபாய் அடுத்த ரோல் வாங்கத்தான் போனது.

பணம் திரும்பப் பெற்றவர்களில் கரூர்க்காரர் ஒருவர் இரண்டு வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். என் முதல் கல்யாண ஆர்டர் அது. நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். என் ரேட் குறைச்சல் என்பதும் ஒரு காரணம். ஆனால் நோட்டில் இருந்த விலாசங்களின் அருமை அப்போதுதான் தெரிந்தது. டூர் வந்த பள்ளிக்கூடங்களுக்கு வருடா வருடம் அரைப்பரீட்சைக்கு முன்னால் ஒரு கார்டு போட ஆரம்பித்தேன். பத்துக்கு இரண்டு பதில் வரும். அதுவே ஒரு சீசனுக்குப் போதும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006-ல் குறிஞ்சி மறுபடி பூத்தபோது டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தோம். பிறகு அங்கேயே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுக்க முடிந்தது. விலாசம் எழுதுவது நின்றது. 2018 குறிஞ்சிக்கு எல்லோர் கையிலும் செல்போன். "அண்ணே, இதுல ஒண்ணு எடுத்துக் கொடுங்க" என்று போனை என்னிடமே நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தேன். இப்போது கல்யாண ஜோடிகளின் வெளிப்புறப் படங்கள்தான் சோறு போடுகின்றன. பழைய பார்ட்டிகளின் பிள்ளைகளும் சிலர் அதில் உண்டு. 2024 மே முதல் மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்பதால், ஜோடிகளுக்கு அதையும் நானே ஞாபகப்படுத்துகிறேன்.

கடன் விஷயம் கேட்டீர்கள். நான் போன வங்கியில் போட்டோ எடுப்பதைத் தொழில் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. 2012-13-ல் தமிழக அரசு கொண்டுவந்த 'நீட்ஸ்' திட்டத்தில் டிப்ளமோவும் ஒரு தகுதி. மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள்.

என்னிடம் இரண்டு பையன்கள் வேலை கற்கிறார்கள். பிலிமைத் தொட்டுப் பார்க்காதவர்கள். ஒரு படத்தை எடுத்ததும் நான் கேமராவின் இடது பக்கத்தைத் தடவுவதைப் பார்த்து, "என்னண்ணே தேடுறீங்க?" என்று சிரிப்பார்கள். இப்போதைய கேமராவில் அங்கே குமிழ் கிடையாது. குடும்பப் படத்தில் யாராவது வயதானவர் நடுவில் நின்றால் மட்டும் விரல் தானாக அங்கே போய்விடுகிறது.