பேஸ்மென்டில் ஒரு பம்ப்

பேரிடரைப் பற்றிப் பேசுவதற்கென்று கூடும் மாநாடுகளில் சாப்பாடு மட்டும் எப்போதும் பிரமாதமாக இருக்கும். கிண்டியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்ததும் அப்படித்தான். தொழில் தொடர்ச்சி, நெருக்கடி மேலாண்மை என்று மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வங்கிக்காரர்கள், ஐடி கம்பெனிக்காரர்கள், இன்ஷூரன்ஸ்காரர்கள், இரண்டொரு மருத்துவமனை நிர்வாகிகள். வெளி வராந்தாவில் மென்பொருள் விற்பவர்களின் ஸ்டால்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மினுக்கும் திரைகள். கம்பெனியே இருட்டில் கிடக்கும்போது இந்தத் திரைக்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். ஒரு பேனாவும் சாவிக்கொத்தும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

முதலில் பேசியவர் முதல் ஸ்லைடிலேயே நியூயார்க் இரட்டைக் கோபுரத்தைப் போட்டார். இந்தத் துறையில் அதுதான் பிள்ளையார் சுழி. மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ரிக் ரெஸ்கோர்லாவின் கதையை எத்தனை மேடைகளில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. 1993-இல் அதே வளாகத்தின் பார்க்கிங்கில் குண்டு வெடித்த பிறகு, ஊழியர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க அவர்களைப் படியிறங்கப் பழக்கினார். 2001 செப்டம்பர் 11 அன்று, இருந்த இடத்திலேயே இருங்கள் என்ற அறிவிப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மெகாபோனில் பாட்டுப் பாடித் தெம்பூட்டி, சுமார் 2,700 பேரை வெளியேற்றினார். மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க மேலே போனவர் திரும்பி வரவில்லை. தெரிந்த கதைதான். இருந்தாலும் அந்தப் பாட்டுப் பாடிய இடம் வரும்போது அரங்கில் யாரும் செல்போனைப் பார்ப்பதில்லை.

அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றைப் பேச்சாளர்கள் அநேகமாக விட்டுவிடுகிறார்கள். நியூயார்க் நகரத்துக்கு ஒரு அவசரகாலக் கட்டுப்பாட்டு மையம் இருந்தது. 1999-இல் திறந்தார்கள். தனி ஜெனரேட்டர், தனித் தண்ணீர் எல்லாம் உண்டு. அதை எங்கே வைத்தார்கள் என்றால், ஏற்கெனவே ஒருமுறை குண்டு வெடித்த அதே உலக வர்த்தக மைய வளாகத்தில், ஏழாம் எண் கட்டடத்தின் 23-ஆவது மாடியில். நகரத்துக்கு அந்த மையம் தேவைப்பட்ட அன்றைக்குக் காலையிலேயே அதைக் காலி செய்ய வேண்டியதாயிற்று; சாயங்காலம் 5.20-க்குக் கட்டடமே விழுந்தது. பிழைத்தது வேறொரு புண்ணியத்தால். மறுநாள் செப்டம்பர் 12 அன்று ஒரு உயிரியல் தாக்குதல் ஒத்திகை நடத்துவதற்காக ஹட்சன் ஆற்றங்கரையில் 92-ஆம் எண் கப்பல் துறையை ஏற்கெனவே தயார்செய்து வைத்திருந்தார்கள். ஒத்திகைக்கு ஒழுங்குபண்ணிய இடத்திலேயே நிஜ மையத்தைப் போட்டு நடத்தினார்கள்.

மாற்று ஏற்பாடு எல்லோரிடமும் இருக்கிறது. அது கெட்டுப்போகக்கூடிய பொருளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. என் உத்தியோகத்தில் நான் கண்டது பெரும்பாலும் இதுதான்.

2015 டிசம்பர் 1. அடையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்போது எங்கள் அலுவலகம். நான்கு மாடி. வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் ஜெனரேட்டரை மொட்டைமாடிக்கு ஏற்றியிருந்தார்கள். டீசல் பேரல்கள் பின்புறத்தில் மேடை கட்டிய ஷெட்டில். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும் என்று பிசிபி என்று நாங்கள் சொல்லும் தொழில் தொடர்ச்சித் திட்ட ஃபைலில் எழுதி, மேலிடத்துக் கையெழுத்தும் ஆகியிருந்தது. அந்த ஒரு நாள் கணக்கில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்ற செய்தி எங்களுக்கு வந்துசேர்ந்த நேரத்தில் பார்க்கிங் சரிவில் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. பேரல்கள் நனையவில்லை. ஜெனரேட்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழிருந்து டீசலை மேலே ஏற்றுகிற சின்ன பம்ப், அதன் ஸ்டார்ட்டர் பெட்டியோடு, பேஸ்மென்டில் இருந்தது.

மேலே சின்னத் தொட்டியில் இருந்த டீசல் நடுராத்திரி வரை வந்தது. அதற்குப் பிறகு இருபது லிட்டர் கேன்கள். எலெக்ட்ரீஷியன், இரண்டு செக்யூரிட்டிகள், ஹவுஸ்கீப்பிங் பையன்கள், வீட்டுக்குப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்ட நைட் ஷிஃப்ட் ஆட்கள் என்று படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு கேனின் மூடி சரியாக இல்லை. சிந்தியதில் வழுக்கக்கூடாது என்று கான்ஃபரன்ஸ் ரூமில் விரித்திருந்த கார்ப்பெட்டைக் கிழித்து வந்து படியில் போட்டார் எலெக்ட்ரீஷியன். பொங்கல் வரை அந்தப் படிக்கட்டில் டீசல் வாடை போகவில்லை. கார்ப்பெட்டுக்கு ஆடிட்டில் விளக்கம் கேட்டார்கள், அதுவும் நடந்தது.

இதே பம்ப், இதே பேஸ்மென்ட், அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே உலகச் செய்தியாகியிருந்தது. 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில். எரிபொருள் பம்புகள் அடித்தளத்தில். ராணுவத்தினரும் ஊழியர்களும் படிக்கட்டில் நின்று எண்ணெயைக் கைமாற்றி ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளையே வேறு இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்கும் முந்தைய வருஷம் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம். 2011 மார்ச் 11 சுனாமியில் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். காற்றால் குளிரும் வகை ஜெனரேட்டர்கள் இரண்டு, நனையாமல் நல்லபடியாகத்தான் இருந்தன. அவற்றின் மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பலகைகள் அடித்தளத்தில் முங்கிவிட்டன. ஆறாம் உலைக்கென்று கொஞ்சம் மேட்டில் இருந்த ஒரே ஒரு ஜெனரேட்டர் மட்டும் வேலை செய்தது. ஐந்தாவது, ஆறாவது உலைகள் தப்பித்தது அதனால்தான். எத்தனை பெரிய மூளைகள் உட்கார்ந்து போட்ட திட்டம்! யாரும் முட்டாளில்லை. பெரிய மெஷினை எங்கே வைப்பது என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள். அதற்குப் போகும் ஒயரும் பைப்பும் எந்த வழியாகப் போகின்றன என்பது கான்ட்ராக்டரின் சவுகரியப்படி முடிவாகும்.

மாநாட்டில் மதியத்துக்குமேல் எங்களை மேசைக்கு எட்டுப் பேராக உட்காரவைத்து ஒரு பயிற்சி கொடுத்தார்கள். டேபிள்டாப் என்போம். ஒரு கற்பனைக் கம்பெனி, கற்பனை வெள்ளம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு உறை வரும். பிரித்தால் புதுச் சங்கடம். மின்சாரம் போயிற்று. அடுத்த உறையில், முதன்மை அதிகாரி விமானத்தில் இருக்கிறார், தொடர்புகொள்ள முடியாது. அடுத்ததில் ஒரு டிவி சேனல் வாசலில் நிற்கிறது. எங்கள் மேசையில் இருந்த இளைஞர்கள் சளைக்காமல் முடிவெடுத்தார்கள். மாற்று அலுவலகத்துக்கு மாறுகிறோம் என்று ஒரு பெண் கணீரென்று அறிவித்தார். பக்கத்து மேசையிலிருந்து கைதட்டல்கூட வந்தது. அங்கே வேலை செய்ய ஆட்கள் எந்த ரோட்டில் போவார்கள் என்று கேட்டேன். உறையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை சார் என்றார். உண்மை, இல்லைதான்.

2015-இல் எங்களுக்கும் சிறுசேரியில் மாற்று இடம் இருந்தது. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஏசி குளுகுளுவென்று இருந்தது. அங்கே போக வேண்டியவர்கள் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் மாடியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1878-இல் தொடங்கிய தி இந்து நாளிதழ் அந்த டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் வந்துசேர முடியாததுதான் காரணம். விமான நிலையம் மூடிக் கிடந்ததால் அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை விட்டார்கள். எங்கள் ஆட்களில் கிளம்ப முடிந்தவர்களைப் பஸ்ஸில் பெங்களூருக்கு அனுப்பினோம். வண்டி ஏறும் முன் ஒருவர், குழந்தைக்குப் பால் பவுடர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று நின்றுவிட்டார். அவருக்காகப் பஸ் காத்திருந்தது. கிரிட்டிக்கல் ஸ்டாஃப் என்று ஃபைலில் ஒரு பட்டியல் இருக்குமே, அதில் இருந்தவர்தான்.

தூரம் என்று யோசிக்கும்போதெல்லாம் கீவளூர் பக்கம் எங்கள் தாத்தா வீடு ஞாபகத்துக்கு வரும். 1977 நவம்பர் 12 நாகப்பட்டினம் புயல். நான் சின்னப் பையன். காற்றின் சத்தமும், கூடத்தில் நின்ற தண்ணீரில் பித்தளைச் சொம்பு ஒன்று மிதந்து வந்து தூணில் இடித்துக்கொண்டிருந்ததும்தான் என் நினைவு. குதிரில் இருந்த நெல் ஊறி முளைகட்டி நாறியது. அடுத்த குறுவைக்கு வேண்டிய விதைநெல்லில் பாதியைத் தாத்தா வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டி, மன்னார்குடிக்கு மேற்கே அத்தை வீட்டுக்கு வருஷாவருஷம் வண்டியில் அனுப்பிவிடுவார். அங்கேயும் காற்றடித்தது, ஓடு பறந்தது, தண்ணீர் ஏறவில்லை. நம்ம விதையை எதுக்கு அவங்க வீட்டுல வெக்கணும், எலி தின்னா யார் பொறுப்பு என்று ஆத்தா வருஷாவருஷம் சண்டை பிடிப்பாராம். அந்தச் சண்டைக்கும் நியாயம் உண்டு. இரண்டு இடத்தில் வைத்தால் இரண்டு இடத்துக்கும் செலவு. இன்றைக்கு டிஆர் சைட் என்கிற மாற்று மையத்துக்குப் பணம் கேட்டு நிதிப் பிரிவுக்கு எழுதும்போது கிட்டத்தட்ட ஆத்தாவின் கேள்விகள்தான் திரும்பி வருகின்றன.

தூரமாகவும் இருக்க வேண்டும், துண்டித்தும் இருக்க வேண்டும். கணினிக் காலத்தில் இந்த இரண்டாவதுதான் கஷ்டம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற கிருமி மேர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கணினிகளைத் துடைத்துப் போட்டது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையமும் அன்று தடுமாறியது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அவர்களிடம் சுமார் 150, உலகம் முழுக்கப் பரவிக் கிடந்தன. ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தார்கள். கோத்திருந்ததால் எல்லாம் ஒரே நேரத்தில் போயின. ஒன்றே ஒன்று தப்பித்தது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில், கிருமி வருவதற்கு முன்பே கரண்ட் கட்டாகி, அது மட்டும் அணைந்து கிடந்தது. அங்கிருந்து லைனில் அனுப்பப் பார்த்தால் வேகம் போதவில்லை. கையில் எடுத்துக்கொண்டு லண்டன் வரலாம் என்றால் கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை பறந்து விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் ஹார்டு டிஸ்கைக் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக ஏற்றினோம் என்று கம்பெனித் தலைவர் பிறகு டாவோஸ் மேடையில் சொன்னார். கானா மின்வாரியத்துக்கு யாராவது நன்றிக் கடிதம் போட்டிருக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, தூரமாக வைத்துவிட்டால் போதும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் பேசி, நள்ளிரவிலிருந்து நாடே மூடப்பட்டபோது எந்த ஊர் மாற்று, எந்த ஊர் அசல்? எல்லா ஊரும் ஒன்றாகிவிட்டது. அலுவலக டெஸ்க்டாப்புகளைக் கால் டாக்சியில் ஏற்றி வீடுவீடாக இறக்கினோம்.

அசலும் மாற்றும் இருந்தும், மாறலாமா வேண்டாமா என்று நேரம் ஓடிப்போவது இன்னொரு ரகம். 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு. மாற்று மையம் இருந்தும் அங்கே மாறவில்லை; மத்தியானம் 3.45-க்குத்தான் திரும்பத் தொடங்கியது. அடுத்த மாதமே சந்தைகளைக் கண்காணிக்கும் செபி கறாராகச் சொல்லிவிட்டது. முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிஷத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிஷத்துக்குள் ஓடவைக்க வேண்டும். 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, சந்தையைத் திறந்து முதல் பகுதியை அசல் மையத்திலும் அடுத்த பகுதியை மாற்று மையத்திலும் நிஜப் பணத்தை வைத்தே நடத்திக் காட்டினார்கள். எனக்குப் பிடித்த ட்ரில் இது. மற்றபடி நம் அலுவலக ட்ரில்கள் தெரிந்ததுதானே. வெள்ளிக்கிழமை பதினொரு மணி, முந்தின நாளே மெயில், காபி கோப்பையோடு அசெம்ப்ளி பாயின்ட்டில் நின்று ஒரு செல்ஃபி. யார் யாரைப் போனில் கூப்பிடுவது என்று போட்ட கால் ட்ரீயில் மூன்றாவதாக இருப்பவர் வேலையை விட்டுப் போய் வருஷமாகியிருக்கும்.

மாநாடு முடிந்து வந்ததும் எங்கள் வருஷாந்திர ட்ரில்லை மார்ச்சிலிருந்து நவம்பருக்கு மாற்றும்படி எழுதினேன். வருஷக் கணக்கு முடிக்கும் மாதத்தில் வைக்காதே என்று ஏற்கெனவே குறைபட்டுக்கொண்டிருந்த நிதிப் பிரிவு உடனே சம்மதித்தது. அட்மினிலிருந்து சுற்றறிக்கையின் வரைவு வந்தது. தேதி, நேரம், பஸ் வரும் இடம் எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில், அன்றைக்குக் கனமழை எச்சரிக்கை இருந்தால் ட்ரில் ஒத்திவைக்கப்படும் என்றிருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, எச்சரிக்கை இருந்தாலும் நடக்கும் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அட்மின் போனில் கூப்பிட்டார். "நடத்திடலாம் சார், ஒண்ணும் இல்ல. ஆனா அவ்ளோ மழையில ஆளுங்க எப்படி சார் வருவாங்க?"