கரோக்கியில் மாட்டிக்கொண்டவருக்குச் சில சுலபமான ஜப்பானியப் பாட்டுகள்

"எனக்குப் பாட வராதுங்க" என்று சொல்லித் தப்பிப்பது ரொம்பக் கஷ்டமான நாடு ஒன்று உண்டென்றால் அது ஜப்பான்தான். காலேஜில் புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு சீனியர்கள் தரும் விருந்தாகட்டும், ஆபீஸில் வருஷக் கடைசிப் பார்ட்டியாகட்டும், சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருத்தர் 'நிஜிகாய்' என்று ஆரம்பிப்பார். இரண்டாவது சுற்று என்று அர்த்தம். அந்த இரண்டாவது சுற்று பல நாள் போய் நிற்பது கரோக்கி அறையில்.

சின்ன அறை. சோபா, டிவி, ரெண்டு மைக், கூட ஒரு டாம்பரின். பாட்டைத் தேடுகிற ரிமோட் ஒன்று கை மாறி மாறி வரும். அது தன் கைக்கு வரும்போதுதான் புதுசாக வந்தவருக்கு வயிற்றைக் கலக்கும். பாடாமல் மூலையில் உட்கார்ந்தால் "இவன் நம்மோடு ஒட்ட மாட்டேங்கறான்" என்று ஆகிவிடும். கஷ்டமான பாட்டைப் போட்டுவிட்டு நடுவில் திணறினாலோ, மிச்சம் இருக்கிற மூன்று நிமிஷமும் எல்லாரும் போனைப் பார்ப்பார்கள். ஜப்பானுக்குப் படிக்கப் போகிற வெளிநாட்டு மாணவனுக்கு மட்டும் வருகிற பயம் இல்லை இது. ஜப்பான்காரர்களுக்கே உண்டு. சுருதி சேராதவரைச் சொல்ல 'ஒன்ச்சி' என்று தனியாக ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள்.

சரி, எந்தப் பாட்டைப் பாடுவது? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ரொம்பப் பிடித்த பாட்டை எடுப்பார்கள், இல்லாவிட்டால் அந்த வருஷ ஹிட்டை எடுப்பார்கள். இன்னும் சிலர், மெதுவாகப் போகிற பாட்டுதான் சுலபம் என்று நம்பி ஒரு சோகப் பாட்டை எடுப்பார்கள். மூன்றுமே ஆபத்து. மெதுவான பாட்டில் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து நிறுத்த வேண்டும். மூச்சு போதாது, சுருதி ஆடினால் பளிச்சென்று தெரியும். அவசரமாக ஓடுகிற பாட்டிலாவது தப்பு கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும்.

ஜப்பானிய பாப் பாட்டின் கட்டுமானத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். முதலில் வருவது 'ஏ மெலோ', அடங்கின குரலில். அடுத்தது 'பீ மெலோ', மெல்ல மேலே ஏறும். அப்புறம் 'சாபி'. பாட்டின் உச்சம் அது, பெரும்பாலும் உயரமான சுரங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். வீட்டில் முணுமுணுக்கும்போது எல்லாரும் ஏ மெலோவைத்தான் முணுமுணுக்கிறார்கள். "அட, வருதே!" என்று அதை நம்பி மைக்கைப் பிடித்தால் சாபியில் குரல் கிழியும். அதனால் எந்தப் பாட்டாக இருந்தாலும் முதலில் சாபியைப் பாடிப் பார்க்க வேண்டும். அது வந்தால் மிச்சமெல்லாம் வரும்.

இதற்கு நல்ல உதாரணம் ஸ்பிட்ஸ் குழுவின் 'ராபின்சன்' (1995). கேட்கும்போது காற்றில் மிதக்கிற மாதிரி சாதுவாக இருக்கும். சாபி வந்ததும் சாதாரண ஆண் குரல் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அபிஷியல் ஹிகே டான்டிசம் பாடின 'ப்ரிடெண்டர்' (2019) அதே ஜாதி. யோஅசோபியின் 'யோரு நி ககேரு' (2019) வேற ரகம். வார்த்தைகள் அடுக்கடுக்காக ஓடி வரும், மூச்சு விடவே இடம் இருக்காது, போதாக்குறைக்கு நடுவில் கட்டையும் மாறும். அதை எழுதின அயாசே அதற்கு முன்னால் வோகலாய்டு என்கிற கம்ப்யூட்டர் குரலுக்குப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காதே!

ஆகவே சுலபமான பாட்டு என்றால் சாபி ரொம்ப ஏறக்கூடாது. வரிக்கு வரி மூச்சு விட இடம் வேண்டும். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரவேண்டும். நாலாவதுதான் முக்கியம்: அறையில் இருக்கிற மற்றவர்களுக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பாட்டு என்றால் திணறும்போது கூட ரெண்டு குரல் சேரும், டாம்பரின் தானாகக் கிளம்பும். யாருக்கும் தெரியாத அருமையான பாட்டைப் பாடுகிறவர் தனியாகத்தான் பாடி முடிக்க வேண்டும்.

இந்த நாலுக்கும் பொருந்துகிறவற்றில் முதல் இடம் சகாமோடோ கியு பாடின 'உஏ ஒ முயிதே அருகோ'வுக்கு (1961). 1963இல் 'சுகியாகி' என்கிற பெயரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் இடம் பிடித்த பாட்டு இது. நிதானமான நடை, எளிமையான மெட்டு, நடுவில் விசில் வேறு. விசில் வரும்போது மூச்சு வாங்கிக்கொள்ளலாம். வயசான மேலதிகாரி இருக்கிற இடத்தில் இதைப் போட்டால் அவரே சேர்ந்து பாட வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, ஸ்மாப் குழுவின் 'செகாய் நி ஹிதோட்சு தாகே நோ ஹானா' (2003). ஐந்து பேரும் பெரும்பாலும் ஒரே மெட்டை ஒன்றாகப் பாடுகிற பாட்டு. குழு 2016 கடைசியில் கலைந்துவிட்டது, பாட்டு கலையவில்லை. கூட்டமாகப் பாடவே செய்தது மாதிரி இருப்பதால் ஒருத்தர் குரல் தனியாக மாட்டிக்கொள்ளாது.

பாடவே வராது, கத்தத்தான் வரும் என்கிறவர்களுக்கு தி ப்ளூ ஹார்ட்ஸின் 'லிண்டா லிண்டா' (1987). ஆரம்பத்தில் கொஞ்சம் மெதுவான பகுதி. அதைத் தாண்டிவிட்டால் சாபி முழுக்க ஏறக்குறைய பாட்டின் பெயர்தான். இதை வைத்தே 2005இல் 'லிண்டா லிண்டா லிண்டா' என்று ஒரு படம் வந்தது. ஜப்பானியப் பள்ளியில் படிக்க வந்த, ஜப்பானிய மொழி சரியாக வராத கொரியப் பெண் ஒருத்தி பாடகியாக மாட்டிக்கொள்கிற கதை. புதுசாக வந்தவர்கள் பார்க்க வேண்டிய படம்.

பெண் குரலுக்கு அயிம்யோன் பாடின 'மேரிகோல்டு' (2018) நல்ல தேர்வு. ரொம்ப உச்சிக்குப் போகாமல் நடுக்குரலிலேயே பெரும்பாலும் நடக்கிற பாட்டு. எதுவும் ஒத்துவராவிட்டால் 1988இல் வந்த 'என் பக்கத்து வீட்டு டோட்டோரோ' படத்தின் 'சம்போ' இருக்கிறது. குழந்தைகள் பாடுகிற நடைப்பாட்டு. சிரிப்பார்கள்தான், ஆனால் சேர்ந்து பாடுவார்கள்.

மொழி? திரையில் காஞ்சி எழுத்துகளுக்கு மேலே சின்னதாக ஹிரகனா ஓடும். அதனால் ஹிரகனாவையும் கதகனாவையும் வேகமாகப் படிக்கத் தெரிந்தாலே போதும். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன அதிர்ஷ்டமும் உண்டு. ஜப்பானிய உயிரெழுத்து ஐந்தே ஐந்து: அ, இ, உ, எ, ஒ. குறில் நெடிலானால் அர்த்தம் மாறுவது தமிழ் மாதிரியே. 'ஒபசான்' அத்தை, 'ஒபாசான்' பாட்டி! ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். அவர்களுக்கு 'ன்' என்கிற ஒற்றும் ஒரு முழு எழுத்தாகக் கணக்காகும், பாட்டில் பல இடத்தில் அதற்கே தனியாக ஒரு சுரம் கிடைக்கும். அதை விழுங்கினால் தாளம் முன்னே ஓடிவிடும்.

கடைசியாக, பலர் கை வைக்கவே கூச்சப்படுகிற ஒரு வசதி: கட்டை மாற்றுகிற பொத்தான். ஒருமுறை அழுத்தினால் அரைக்கட்டை ஏறும் அல்லது இறங்கும். சாபியில் குரல் எட்டவில்லையா, ரெண்டு மூன்று தடவை இறக்கலாம். பெண் பாடின பாட்டை ஆண் ஒரு ஸ்தாயி கீழே பாடினால் பல சமயம் குரல் பாதாளத்துக்குப் போய்விடும். அங்கே நாலைந்து தடவை ஏற்றினால் சரியாக உட்காரும். ஒரிஜினல் கட்டையில் பாடாவிட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள், கரோக்கி எப்படிப் பிறந்தது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

1967இலேயே நெகிஷி ஷிகேயிச்சி என்பவர் ஒரு பெட்டி செய்தார். அதைப் பற்றித் தெரியாமல் 1971இல் கோபே நகரில் இனோயுஏ தாய்சுகே தன் மெஷினைச் செய்தார். இனோயுஏ மதுக்கூடங்களில் வாடிக்கையாளர் பாட, பக்கவாத்தியம் வாசித்தவர். பாடத் தெரியாதவர்களின் போக்குக்கு வளைந்து கொடுத்து வாசிப்பதுதான் அவர் தொழில். ஒரு கம்பெனி முதலாளி வெளியூர்ப் பயணத்துக்குக் கூட வந்து வாசிக்கச் சொன்னார். போக முடியாத இனோயுஏ, அந்த முதலாளி குரலுக்கு ஏற்ற மாதிரி வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து வந்த யோசனைதான் மெஷின். காப்புரிமைகூட அவர் வாங்கவில்லை. 2004இல் அவருக்கு வேடிக்கைப் பரிசான இக் நோபல் கொடுத்தார்கள், அதுவும் சமாதானத்துக்கு. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள ஒரு புது வழி காட்டினாராம்!

ஆக, பாட வராதவருக்காகவே வளைந்து கொடுக்கப் பிறந்த மெஷின் அது. அதன் முன்னால் கட்டையைக் குறைக்க என்ன வெட்கம்? முதல் தடவை பயமாக இருந்தால் 'ஹிதோகரா' இருக்கிறது, தனியாளாக அறை எடுத்துப் பாடுவது. வார நாள் பகலில் வாடகை குறைவு. ரெண்டு பாட்டை எடுத்துக்கொண்டு, எத்தனை அரைக்கட்டை இறக்கினால் சாபி வருகிறது என்று பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த நிஜிகாயில் ரிமோட் கைக்கு வரும்போது வயிறு அவ்வளவாகக் கலக்காது.