உழக்கிலே கிழக்கு மேற்கு

பெர்சிவல் பாதிரியார் 1874-ஆம் ஆண்டில் அச்சிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் இருக்கின்றன. என் பாட்டிக்கு அத்தனை தெரியாது. நாற்பது ஐம்பது தேறினால் அதிகம். ஆனால் எதை யார் தலையில் போடுவது என்று பாட்டிக்குத் தெரியும். பாதிரியாருக்கு அந்த வசதி ஏது?

பாட்டி பழமொழியை முழுதாகச் சொல்லும் வழக்கம் கிடையாது. "ஆடத் தெரியாதவள்..." என்று இழுத்து நிறுத்துவாள். கூடம் கோணல் என்பதை நாமே மனசுக்குள் சொல்லிக்கொண்டு குன்ற வேண்டியதுதான். அரிசிப் பானையில் யார் கை வைத்தாலும், "ஆற்றிலே போட்டாலும்..." அளந்து போடு என்ற மீதி அடுப்படிக்கே தெரியும்.

ஒரே ஒரு தடவை முழுதாகச் சொன்னாள். அது 1958-ஆம் வருஷம். கும்பகோணத்தில் ஒண்டுக்குடித்தனம், ஒரு ரேழி, ஒரு கூடம், ஓர் அடுப்படி, ஒன்பது பேர். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருந்தாள் அம்மா. அவளுடைய சொத்து அதுதான்.

"அம்மா, கூடத்து ஜன்னலண்டை என் பெட்டியை வச்சுக்கட்டுமா? மத்தியானம் உட்கார்ந்து படிக்க வெளிச்சமா இருக்கும்" என்று மாமியாரிடம் கேட்டாள்.

"உழக்கிலே கிழக்கு மேற்கா?" என்றாள் பாட்டி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஏழு வயசு. அர்த்தம் புரியாமலே நானும் சிரித்தேன். பெட்டி பரணுக்குப் போயிற்று. இரண்டு மழைக்காலம் கழித்து இறக்கியபோது மூடி திறந்தே கிடந்தது. உள்ளே கரையான் மண்ணும் தைத்த நூலும் மிச்சம்.

பாட்டியைக் கொடுமைக்காரி என்று எண்ணிவிட வேண்டாம். அந்த வீட்டில் அவளுக்கும் மூலை ஏது? ரேழியில் பாயை விரிப்பாள், விடிந்ததும் சுருட்டிவிடுவாள். தலைமாட்டில் ஒரு வெற்றிலைப் பை, அவ்வளவுதான். அவள் மருமகளாக வந்தபோது அவளுக்கும் யாரோ இதையே சொல்லியிருக்க வேண்டும்.

1957-இல் அணா போய் நயா பைசா வந்தது. பின்னாலேயே படியும் உழக்கும் போய் லிட்டர் வந்தது. பழமொழிகளுக்கு மட்டும் இந்தச் சமாசாரம் எட்டவில்லை. 1995-இல், சென்னையில், இரண்டு அறை வீட்டில், என் பெண் பரீட்சைக்குப் படிக்கத் தனியாக ஓர் இடம் வேண்டும் என்று கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "உழக்கிலே கிழக்கு மேற்கா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் அம்மா அறையில் இருப்பது ஞாபகம் வந்தது.

"உழக்குன்னா என்னப்பா?" என்றாள் பெண். கால் படி என்றேன். படி என்றால் எவ்வளவு என்று அடுத்த கேள்வி.

"இங்கே வாடி, நான் சொல்றேன்" என்று அம்மா கூப்பிட்டாள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழித்துக் காட்டினாள். "இவ்வளவுதான்."

பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமல், ஜன்னலண்டை விரித்திருந்த தன் படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.